பெண் கேட்டு வராதவள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. எட்டி உட்கார்ந்தவர்களுக்குக் கதையின் சூடு தெரியாது. இன்றைக்குச் சொல்லப்போவது ஒரு வயிற்றெரிச்சல் கதை. புருஷன்மேல் பெண்டாட்டி படுகிற பொறாமை இல்லை, பங்காளிமேல் பங்காளி படுகிற பொறாமையும் இல்லை. கூடப் பிறந்தவனை இன்னொரு வீடு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவளின் பொறாமை. கடைசிவரை இருந்து கேளுங்கள், அந்த எரிச்சல் எங்கே போய் இறங்கியது என்று காட்டிவிடுகிறேன். அதற்கு நான் பொறுப்பு.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் வாக்கில் ஷார்ஜாவில், ரோலாப் பக்கத்துப் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் சரசு என்று ஒருத்தி இருந்தாள். சிவகங்கைக்காரி. புருஷன் கார்மேகம் கட்டடச் சாமான் விற்கிற கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவனுக்கு வாய் குறைவு. இவளுக்கு அவன் பங்கையும் சேர்த்துக் கொடுத்திருந்தான் கடவுள். வீட்டிலேயே மெஸ் நடத்தினாள். கூலியாட்கள் தங்குகிற கேம்ப்பில் கிடக்கிற நம் ஊர் ஆட்களுக்கு மத்தியானச் சோறு கட்டி அனுப்புகிற வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் அவள் தம்பி சரவணகுமார் இருந்தான்.

தாய் போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. சரசு பாவாடை கட்டிய சிறுமி. அவனை இடுப்பில் சுமந்ததில் தன் இடுப்பு ஒரு பக்கம் கோணிவிட்டது என்று அவள் சொல்வாள். கோணலெல்லாம் ஒன்றுமில்லை, ஆனால் சொல்வாள். அவன் கோயம்புத்தூரில் நகைக்குக் கல் பதிக்கிற வேலை கற்றுக்கொண்டதும், கார்மேகத்தை ராப்பகலாக நச்சரித்து விசா வாங்க வைத்து, ஷார்ஜாவுக்கு அழைத்துக்கொண்டவளும் அவள்தான்.

விசா கிடைத்த இடம் ஹாகோப் என்பவரின் நகைப் பட்டறை. ஹாகோப் அர்மீனியர். அர்மீனியர் யாரென்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் துருக்கி தேசத்தில் தங்கள் ஊர்களிலிருந்து வெட்டி விரட்டப்பட்டு, அகப்பட்ட சீமையிலெல்லாம் போய்ப் பிழைத்த சனங்கள். தொழிலில் கெட்டிக்காரர்கள். அதற்கும் வெகுகாலம் முந்தியே அந்தச் சனத்தில் சில பேர் நம் மதராஸுக்குக்கூட வந்து வியாபாரம் செய்தார்கள். அவர்கள் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. நம்மவர்கள் வாயில் அது அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. ஹாகோப்பின் தாத்தா அலெப்போவுக்கு ஓடி வந்தார், அப்பா பெய்ரூட்டில் கடை வைத்தார், ஹாகோப் ஷார்ஜாவில் பட்டறை போட்டார். மூன்று தலைமுறை, மூன்று ஊர். ஆனால் வீட்டுக்குள் பேசுகிற பாஷை ஒன்றே ஒன்றுதான். பட்டறையிலும் அதே பாஷைதான். "இது எடு, அது வை" என்று காதில் விழுந்து விழுந்து சரவணகுமாரின் நாக்கிலும் அது ஏறிக்கொண்டது.

முதல் வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்கு வந்தான். வளைகுடாவில் வெள்ளிதானே லீவு. சரசு விடியற்காலையிலேயே கார்மேகத்தை மீன் மார்க்கெட்டுக்கு விரட்டுவாள். குழம்பு கொதிக்கிறபோதே தலையைத் தனியே எடுத்துத் தம்பிக்கு வைத்துவிடுவாள். கட்டின புருஷனுக்கு வால்.

இரண்டாம் வருஷம் அவன் தாமதமாக வர ஆரம்பித்தான். அர்மீனியர்களுக்கு ஷார்ஜாவில் சொந்தமாக ஒரு கிறிஸ்தவக் கோயில் உண்டு. அங்கே வெள்ளிக்கிழமைதான் பூசை. முதலாளி குடும்பத்தைக் கோயிலுக்கு வண்டியில் கொண்டு விடுகிறேன் என்று போனவன், அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றை இப்படியும் அப்படியும் தள்ளினான்.

"வயித்துல எடமில்லக்கா. முதலாளியம்மா விடமாட்டேனுருச்சு."

கண்ணுகளா, ஒரு பெண்பிள்ளை ஆக்கி வைத்த சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். சரசு மீன் தலையை எடுத்துப் புருஷன் தட்டில் வைத்தாள். கார்மேகத்துக்கு அன்று முழுக்கப் பயம்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. பொறாமைக்குக் கண்ணாடி போடாமலே ஊசித்துளை தெரியும். காசு எண்ணும்போது அவன் உதடு வேறு பாஷையில் அசைந்தது. தயிருக்கு உப்பும் புதினாவும் கேட்டான். ஒருநாள் அவளுக்கு அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக் கொடுக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டவன், "வாக்!" என்றான். நம் பிள்ளைக்குச் சுட்டால் அம்மா என்றுதானே கத்தும்? ஐயோ என்றாவது கத்தும். இது என்ன வாக்? அர்மீனியர் வலித்தால் அப்படித்தான் சொல்வார்களாம். சரசு அவன் விரலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, இந்தப் பயலுக்கு வலிகூட அவர்கள் வீட்டு வழியாக வருகிறதே என்று நினைத்து வெந்தாள்.

சும்மா இருப்பவளா அவள்? சூப்பர் மார்க்கெட்டில் புட்டியில் அடைத்த திராட்சை இலை வாங்கி வந்தாள். அவர்கள் வீட்டில் அதற்குள் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேக வைப்பார்கள் என்று அவன்தான் சொல்லியிருந்தான். இவளும் வைத்தாள், மிளகும் சோம்பும் கசகசாவும் தன் கைப்பக்குவமாக அரைத்துப் போட்டு. தம்பி ஆறேழு தின்றான். "நல்லாருக்குக்கா, ஆனா அவங்க…" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அந்தப் பாதி வாக்கியத்தைச் சரசு ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தாள். மிச்சத்தை மெஸ் ஆட்களுக்குக் கட்டி அனுப்பினாள். வெற்றிலையில் பிரியாணி வந்திருக்கிறது என்று கேம்ப்பில் பேச்சு.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளி வீட்டில் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள் என்று சரவணகுமார் அக்காவைக் கூப்பிட்டான். எதற்கென்று சொன்னால் கிளம்பமாட்டாளோ என்று பயந்து, அதைச் சொல்லவில்லை. சரசுவும், எந்த வீடு அது, எந்தக் கை அது என்று பார்த்துவிட வேண்டும் என்றே கிளம்பினாள். மயில்கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை. கழுத்திலும் காதிலும் இருக்கிறதெல்லாம். கார்மேகம் பேன்ட்டும் மடிப்புக் கலையாத சட்டையும். அங்கே போனால், அவர்களும் விருந்துக்கு உடுத்தினதுபோல் உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். ஹாகோப் பெரிய மீசையும் டையுமாக. அவர் சம்சாரம் அராக்சி கறுப்புக் கவுனும் முத்துமாலையுமாக. மகள் தலீன் வாசற்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தது. நம்மிடம் பவிசு காட்டத்தான் இப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தாள் சரசு.

ஹாகோப் சந்தோஷக்காரர். சுவரில் தொங்கின அர்மீனியக் காலண்டரைக் கழற்றிச் சரவணகுமார் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவன் கூச்சப்பட்டான். அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு கடகடவென்று வாசித்தான். கொக்கியும் கொண்டியுமாக இருக்கிற அந்த எழுத்தைத் தேவாரம் படிக்கிறமாதிரி வாசித்தான். ஹாகோப் அவன் முதுகில் தட்டி, எல்லோருக்கும் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்: "ஹயாத்சும்!"

என்ன அது என்று சரசு கேட்டாள். தம்பி தயங்கினான்.

"அது… அர்மீனியனா ஆகுறதுக்கு அவங்க சொல்ற வார்த்தைக்கா."

சரசுவுக்கு உள்ளே சுருக்கென்றது. இவர்கள் ஆளைப் பிடித்துத் தங்களவனாக ஆக்கிக்கொள்கிறார்கள், அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கிற அளவுக்குப் பழகின வேலை! அந்த நேரம் பார்த்துத் தலீன் தட்டில் சின்னச் சின்னக் கோப்பைகளில் கறுப்புக் காப்பி கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தது. கை நடுங்கியது. சரசு அந்தக் கோப்பையைத் தொடவில்லை. இந்த வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது என்று மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள். பெண்டாட்டி குடிக்காததைப் பார்த்துக் கார்மேகமும் நீட்டின கையை மடக்கிக்கொண்டான்.

அப்போதுதான் கண்ணுகளா, அந்த வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. பேசிக்கொண்டிருந்த ஹாகோப் பேச்சை நிறுத்தி டையைச் சரிசெய்தார். அராக்சி மடியில் கை கோத்துக்கொண்டாள். தலீன் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றது. எல்லோரும் சரசுவையே பார்த்தார்கள். கொஞ்சநேரம் கழித்து ஹாகோப் தொண்டையைக் கனைத்து, எங்களிடம் ஏதாவது கேட்கவேண்டுமா என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். சரசுவும் தனக்குத் தெரிந்த இந்தியில், நிமிர்ந்து உட்கார்ந்து, பதில் சொன்னாள்.

"குச் நஹி சாஹியே."

ஒன்றும் வேண்டாம்! சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. வண்டியில் வரும்போது, அவங்க மொகமெல்லாம் செத்துப்போச்சே, என்னத்தச் சொன்ன என்று கார்மேகம் கேட்டான். இவளுக்கு உள்ளுக்குள்ளே வெற்றிக் கொம்பு ஊதிக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அந்த வார்த்தைதான் கூடவே வந்தது. ஹயாத்சும், ஹயாத்சும் என்று வாணலியைத் தேய்த்தாள்.

"நம்மகிட்ட இதுக்கு ஒரு வார்த்தை இருக்கா? ஒருத்தன் வந்து நம்மாளா ஆகுறதுக்கு?" என்று புருஷனைக் கேட்டாள்.

கார்மேகம் யோசித்தான். "வந்தாத்தானடி பேரு வைக்கலாம்" என்றான். அன்று அவனுக்குத் தோசைக்குச் சட்னி கிடைக்கவில்லை.

சில வாரம் கழித்துச் சரவணகுமார் தனியாக வந்தான். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தான். தலீனைக் கட்டிக்கொள்ளப் போகிறான். அவர்கள் கோயிலில் கல்யாணம். அதற்கு முன்னால் ஞானஸ்நானம். சர்கிஸ் என்று பெயர் வைப்பார்கள்.

சரசு அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். அவன் சாமி மாறுவதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சாமிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும். எங்கிருந்தோ வந்த ஒரு பெண்பிள்ளை தான் வளர்த்த பிள்ளைக்கு முழுச்சோறு போட்டு, பாஷை போட்டு, பெண்ணைப் போட்டு, கடைசியில் பெயரையும் போடுகிறாளே என்பதுதான் அடிவயிற்றைப் பிடித்தது.

"அம்மா வச்ச பேரு பழசாப் போச்சாடா?"

"பழசாகலக்கா. நீ எப்பவும் போலச் சரவணான்னே கூப்பிடு. நீ வந்து நின்னாப் போதும் எனக்கு."

"நான் எதுக்கு? ஒனக்குத்தான் புதுசா ஆத்தா கெடச்சிருச்சே. அந்தக் கல்யாண வாசல்ல என் காலு படாது. இது நம்ம ஆத்தா மேல ஆணை."

செத்த தாயின்மேல் ஆணை வைத்தால், கண்ணுகளா, அதை எடுக்க யாரும் எழுந்து வரமாட்டார்கள். சரவணகுமார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வந்தது, போனது, அவன் வரவில்லை. சரசுவும் கூப்பிடவில்லை. மெஸ் சோற்றில் மட்டும் உப்பு ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும்.

ஹாகோப் பட்டறையில் பாலிஷ் போடுகிற சேதுபதி என்ற பையன் சரசு மெஸ்ஸில்தான் சாப்பாடு எடுத்தான். அவன் மூலமாகச் செய்தி வந்தது. ஞானஸ்நானம் முடிந்ததாம். ஞானத்தகப்பனும் ஞானத்தாயுமாக நின்ற கோயில்காரத் தம்பதி, பையன் வீட்டார் ஸ்தானத்தில் நின்று, தட்டெடுத்துப்போய்ப் பெண் கேட்டார்களாம். பேசி முடித்தாயிற்றாம். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறதாம்.

அன்று சரசு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தன் வாயால்தான் வரமாட்டேன் என்றாள். இருந்தாலும் இன்னொருத்தி தன் தம்பிக்குத் தாய் ஸ்தானத்தில் நின்று பெண் கேட்டாள் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. அந்த முகம் தெரியாத ஞானத்தாயின்மேலும் பொறாமை. அவளைத் தேடிப்பிடித்து உட்காரவைத்த அராக்சிமேல் அதைவிடப் பெரிய பொறாமை. பெண் வீட்டுக்காரி ஒரு நடை வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, நீ வந்துதான் ஆகவேண்டும் என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால்? ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிருப்பாளே. அராக்சி வரவில்லையே என்று கறுவினாள்.

அராக்சி மறுநாளே வந்தாள்.

மத்தியானச் சாப்பாடு கட்டி முடித்த நேரம். கார்மேகம் அன்று வீட்டில் இருந்தான். மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க, அதே முத்துமாலையோடு வாசலில் நின்றாள் அந்த அம்மாள். கையில் ஒன்றுமில்லை. சரசு வரவேற்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. அராக்சி தானாகவே உள்ளே வந்து, சாப்பாட்டுக் கேரியர்களுக்கு நடுவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அரபியில் படபடவென்று பொரிந்தாள். சைட்டில் பழகின அரபி கார்மேகத்துக்குத் தெரியும். அவன்தான் நடுவில் நின்று சொன்னான்.

"ஏன் எம் பொண்ண வேணாம்னு சொன்னீங்கன்னு கேக்குதுடி இந்தம்மா."

"நான் எப்பச் சொன்னேன்?"

அராக்சி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவர்கள் வழக்கத்தில், பையனுக்குப் பெண் கேட்க வருகிறவர்கள் முன்னால் காப்பி வைத்தால் உடனே குடிக்கமாட்டார்கள். தொடாமல் வைத்திருப்பார்கள். அது, எங்களுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது, பெண் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தால்தான் குடிப்போம் என்பதற்கு அடையாளம். பையனின் தாய் ஸ்தானத்தில் இருக்கிற அக்கா வருகிறாள் என்று அன்று வீடே உடுத்திக் காத்திருந்தது. அக்காவும் பட்டுக் கட்டி வந்தாள். காப்பியைத் தொடாமல் வைத்தாள். எங்கள் வழக்கம் தெரிந்த மனுஷியாக இருக்கிறாளே என்று அராக்சிக்கு உடம்பு சிலிர்த்ததாம். ஹாகோப் வாயெடுத்துக் கேட்டும் விட்டார். அதற்கு அவள் பெண் எதிரே நிற்கும்போதே, ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போனாள். தலீன் அன்றெல்லாம் அறைக்கதவைத் திறக்கவில்லை.

கார்மேகம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நம்ம ஊருல மட்டும் என்னடி? பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல கை நனைப்பமா நம்ம? நம்ம வழக்கத்தையே அவுங்களும் வச்சிருக்காங்க. நீ கோவத்துல குடிக்காம இருந்த. அவுங்க மொறையாக் குடிக்காம இருக்கேன்னு நெனச்சிருக்காங்க."

சரசு ஒரு கேரியரைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெண் பார்க்கப் போய்ப் பெண்ணின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியும். அவளையே ஒரு வீட்டார் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதுண்டு. அந்த நடுங்கின கை இப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

அராக்சி அத்தோடு நிற்கவில்லை. அவள் சொன்னதை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவளுக்கும் வயிற்றெரிச்சலாம், அதுவும் சரசுவின் மேலாம்! அந்த வீட்டு மேசையில் எதை வைத்தாலும் பையன், என் அக்கா இதில் புளி விடுவாள், என் அக்கா இதைத் தாளிப்பாள் என்கிறானாம். அவன் கொண்டுபோன எலுமிச்சங்காய் ஊறுகாய் ஐஸ் பெட்டியில் முதல் தட்டில் இருக்கிறதாம். தலீன் தயிர்சோற்றைக் கையால் பிசைந்து, அந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்கிறதாம். தூக்கத்தில் எழுப்பினாலும் அக்கா, அக்கா என்கிறதாம். தான் பெற்ற பெண், பார்த்தே இராத சீமைக்காரியாக மாறிக்கொண்டு வருகிறது என்று சொல்லும்போது அந்த அம்மாளின் மூக்கு சிவந்தது.

அவளுக்கு ஒரு மகனும் உண்டு, கனடாவில். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை அர்மீனியம் தெரியாது. டெலிபோனில் பாட்டியும் பேரனும் ஹலோ சொல்லிவிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்களாம்.

கார்மேகம் அவள் சொன்ன அடுத்த வார்த்தைகளை மெதுவாக, தவறிவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

"எங்களுக்குள்ள வாறவனுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்கோம், அதச் சத்தம் போட்டுச் சொல்லுவோம்ங்குது. எங்கள விட்டுக் கரஞ்சு போறவனுக்கும் ஒரு வார்த்தை இருக்காம். அத மட்டும் யாரும் சாப்பிடற எடத்துல சொல்லமாட்டாங்களாம்."

சரசு முதல்முதலாக அந்தப் பெண்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு எரிகிற இடத்திலேயேதான் இவளுக்கும் எரிகிறது. பொறாமையில் வெந்தவளுக்குத்தான் இன்னொருத்தி வேகிற வாடை முதலில் தெரியும்.

கடைசியாக அராக்சி, கோயில்காரர்கள் வந்து கேட்டதை எண்ணித் தன் மனம் ஆறவில்லை என்றாள். அவர்களும் எங்கள் சனம், நானும் எங்கள் சனம். வலது கை இடது கையிடம் பெண் கேட்டதுபோல் இருந்தது. அவன் ரத்தம் என்று ஒருத்தி என் வாசலில் வந்து என் மகளைக் கேட்கவில்லையே. இதைச் சொல்லிவிட்டு, வந்த வேலை முடிந்ததுபோல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

சரசு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எந்திரிக்கச் சொல்லுங்க அவுங்கள. வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

கார்மேகம் திகைத்து, சைட்டில் ஆட்களை விரட்டுகிற பழக்கத்தில், "யல்லா, ரூஹ்", அதாவது சீக்கிரம் கிளம்பு, என்றுவிட்டான். அராக்சி முகம் கறுத்தது.

"அடக் கிறுக்கு மனுசா," என்று சரசு அவனை ஒதுக்கினாள். "பொண்ணோட ஆத்தா மாப்ள வீட்டுல உக்காந்திருந்தா, பொண்ணு கேக்கப் போறவ யாருகிட்டப் போயிக் கேப்பா? அவுங்க முன்னாடி போகட்டும். நான் பின்னாடியே வாறேன்னு சொல்லுங்க."

அதைக் கேட்டதும் அராக்சி எழுந்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே! மூன்று மாடியையும் சின்னப்பெண்போல் இறங்கினாள்.

சரசு ஆத்தா படத்தின் முன்னால் போய் நின்றாள். நான் வைத்த ஆணையை நானே எடுக்கிறேன், பாவம் என் தலையோடு போகட்டும் என்றாள். பிறகு எவர்சில்வர் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், வெல்லம், ரோலாவில் மலையாளத்தான் கடையில் விற்கிற மல்லிகைப்பூ, இன்னும் மடிப்புப் பிரிக்காத அரக்குப் பட்டு ஒன்று, எல்லாம் அடுக்கினாள். கார்மேகம் கம்பெனிப் பிக்கப்பை ஓட்டினான். பின்னால் சிமென்ட் தூசி பறந்தது.

ஹாகோப் வீட்டு வாசலில் எல்லோரும் நின்றார்கள். சரவணகுமாரும் இருந்தான், பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருப்பான்போல, விரலில் மெழுகு ஒட்டியிருந்தது. உட்காருங்கள் என்றார் ஹாகோப். சரசு உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள், குடிப்பதா குடிக்காமல் இருப்பதா என்று மறுபடி ஒரு குழப்பம் வேண்டாம். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். தம்பி பக்கம்கூடத் திரும்பாமல், அராக்சியின் கண்ணைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"தாயில்லாப் புள்ள. நாந்தான் அவனுக்கு ஆத்தா. எங்க பயலுக்கு ஒங்க பொண்ணக் குடுங்கம்மா."

சரவணகுமார் அதைப் பாஷை மாற்றிச் சொல்ல வாயெடுத்தான். அவனால் முடியவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அராக்சி உடனே தரவில்லை, கண்ணுகளா. சற்றுமுன் தானே போய் அழைத்தவள்தான், இருந்தாலும் இப்போது அவள் பெண்ணின் தாய். தலையை நிமிர்த்திக்கொண்டு, தட்டைப் பார்த்து, சேலையைப் பார்த்து, புருஷனைப் பார்த்து, ஆற அமர நின்றாள். சரசுவுக்குக் கை வலித்தது. கோபம் வரவில்லை. தானாக இருந்தால் இன்னும் கொஞ்சநேரம் நிற்க வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் அராக்சி தட்டை வாங்கிக்கொண்டாள். ஹாகோப் மீசையைத் துடைத்துக்கொண்டார். சரவணகுமார் அக்காவின் காலில் விழுந்தான். எழுந்து, போய் அராக்சியின் கையைப் பிடித்து முத்தமிட்டான். அதைப் பார்த்துச் சரசுவுக்கு உள்ளே பழைய ஊசி ஒன்று குத்தத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு தலீன் வந்து சரசுவின் முன்னால் நின்று, பூ வைத்துக்கொள்ளத் தலையைக் குனிந்தது. சரசு மல்லிகையைக் கையில் எடுத்தாள். எடுக்கும்போது தற்செயலாக அராக்சியைப் பார்த்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தொண்டையில் ஒன்று ஏறி இறங்கியது. மகளின் தலை இன்னொருத்திக்கு முன்னால் குனிந்ததைப் பார்த்துப் பெற்றவளுக்கு ஏறி இறங்குகிற அந்த ஒன்றைச் சரசுவைவிட அறிந்தவர் யார்? இத்தனை நாள் எரிந்ததற்கெல்லாம் பதிலாக அந்தப் பூவை அவளே வைத்திருக்கலாம். வைக்க அவளுக்கு உரிமையும் இருந்தது.

அவள் பூவை அராக்சியிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க வைங்க."

அராக்சிக்குப் பூ வைக்கத் தெரியவில்லை. சரம் வழுக்கி வழுக்கி விழுந்தது. சரசு தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி நீட்டினாள். அதை எங்கே குத்துவது என்றும் அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. அப்புறம் இரண்டு பேருமாக, ஒருத்தி சரத்தைப் பிடிக்க ஒருத்தி ஊசியைச் செருக, அந்தப் பெண்ணின் தலைமுடிக்குள் நாலு கையும் சிக்கிக்கொண்டு, அவரவர் பாஷையில் ஒருவரையொருவர் கடிந்துகொண்டு, பூ வைத்து முடித்தார்கள். தலீனுக்கு முடி பிய்ந்திருக்கும். பாவம், மூச்சுக் காட்டவில்லை.

கதை அவ்வளவுதான், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் பிறந்த பிள்ளையும் வந்த பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடட்டும். உங்களை விட்டு யாரும் கரைந்து போகாதிருக்கட்டும். உங்களைத் தேடி வருகிறவர்களுக்கு உங்கள் வாசல் அகலமாக இருக்கட்டும். கேட்க வேண்டியதைக் கேட்கிற வாயும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிற கையும் உங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கும் வாடாமல் இருக்கட்டும். நல்லா இருங்கள்.